பிள்ளை வாய் திறக்கும்போது: சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு ஓர் அன்றாட வழிகாட்டி

என் மூத்தவன் தொடக்கநிலை 3 படித்த ஆண்டு. ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஈசூனில் ஒரு காப்பிக்கடையில் தோசைக்குக் காத்திருந்தோம். "அம்மா, ரீசஸ்ல என்கூட யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க," என்றான். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீ ஏதாச்சும் சேட்டை செஞ்சிருப்ப," என்றேன். அவன் தலையாட்டிவிட்டு மைலோவைக் குடித்தான். அதோடு சரி. அடுத்த ஐந்து மாதம் அந்தப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. வகுப்பில் நடந்தது என்னவென்று பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் எத்தனையோ முறை திருத்திப் பார்த்திருக்கிறேன். பிள்ளை எதையாவது சொன்னதும் நம் வாயிலிருந்து முதலில் விழுவது எதுவோ, அதை வைத்துத்தான் அடுத்த முறை நம்மிடம் வரலாமா என்று அது முடிவு செய்கிறது. கீழே நான் எழுதியிருக்கும் மற்ற எல்லாம் அந்த முதல் வாக்கியம் ஒழுங்காக வருவதற்கான ஏற்பாடுகள். நான் மனநல நிபுணர் இல்லை. இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாய். படித்ததையும் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. கதவைத் திறக்கும் முன்பே தொடங்குங்கள்

நம் ஊரில் வேலைநாள் எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும். எம்ஆர்டியில் நின்றபடியே வந்து, பேருந்து மாறி, மின்தூக்கியில் கடைசி மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைகிறோம். நுழைந்ததும் விசாரணை: "ஹோம்வொர்க் முடிச்சாச்சா? ஸ்பெல்லிங் எத்தனை? குளிச்சியா?" ஒரு வாரம் நான் கேட்ட கேள்விகளைக் குறித்து வைத்துப் பார்த்தேன். முக்கால்வாசி கணக்குக் கேட்கும் கேள்விகள். வந்திருப்பது அம்மாவா, ஆடிட்டரா என்று பிள்ளைக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அதனால் முதல் வேலை நமக்குத்தான். புளோக்கின் கீழே எங்காவது ஒரு கல் மேசை இருக்கும். அங்கே ஐந்து நிமிடம் உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு தணியும். இது மந்திரம் ஒன்றும் இல்லை, உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்களாகத் தணியத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பெரியவரின் குரலையும் முகத்தையும் பிடித்துக்கொண்டுதான் தணிவார்கள். நம் முகமே கொதித்துக்கொண்டிருந்தால் அவர்கள் எதைப் பிடிப்பது?

மேலே போனதும் முதல் பத்து நிமிடம் எந்தக் கணக்கும் கேட்பதில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு விதி. "வந்துட்டேன்டா, ஒரே கசகசப்பு, கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காரு." இது போதும். பிள்ளை பேசினால் பேசட்டும், பேசாவிட்டாலும் பரவாயில்லை.

2. முதல் வாக்கியம்

பிள்ளை அழுதுகொண்டோ, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டோ, இல்லை ஒன்றுமே நடக்காததுபோலப் பேச்சோடு பேச்சாகவோ எதையாவது சொல்லும். மூன்றாவது வகைதான் ஆபத்து. பெரிய விஷயங்களைப் பிள்ளைகள் பெரும்பாலும் சும்மா சொல்வதுபோலத்தான் சொல்வார்கள், நம் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக.

அந்த நொடியில் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். கைபேசி என்றால் திரை கீழே இருக்கும்படி வையுங்கள். பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். பிறகு, கேட்டதை உணர்வோடு சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். "யாரும் உன்கூட உட்காரலையா? அது ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே." அதற்கு மேல் பேசாமல் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடி நமக்கு ஒரு யுகம்போல் இருக்கும். உடனே ஒரு தீர்வைச் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். விடாதீர்கள். மிச்சக் கதை வருவது பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான்.

கதை வந்து முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "நான் கேட்டுக்கிட்டு இருந்தா போதுமா, இல்ல அம்மா ஏதாச்சும் செய்யணுமா?" என் மகன் பத்துக்கு ஏழு முறை "கேட்டா போதும்" என்றுதான் சொல்கிறான். இத்தனை நாளாக நான் கொட்டிய புத்திமதியெல்லாம் யாருக்காக என்று தெரியவில்லை.

எந்த வாக்கியங்களை விட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும், நாமும் அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. "இதுக்கெல்லாமா அழுவாங்க?" "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" "பக்கத்து வீட்டு அண்ணனைப் பாரு." "நான் அப்பவே சொன்னேன்ல?" இதில் கடைசி வாக்கியம்தான் மோசம் என்பது என் கருத்து. அதைக் கேட்ட பிள்ளை, அடுத்த முறை தப்பு நடந்தால் முதலில் மறைக்க வேண்டியது அம்மாவிடம்தான் என்று கற்றுக்கொள்ளும்.

பிள்ளை பொய் சொல்கிறதோ, தப்பு அதன் பக்கம் இருக்கிறதோ என்ற சந்தேகம் நியாயமானது. அதை விசாரிக்கலாம், அரை மணி நேரம் கழித்து. கோபமோ பயமோ உச்சத்தில் இருக்கும்போது யோசிக்கும் மூளை வேலை செய்வதில்லை. திட்டமிடவும் தன்னை அடக்கவும் உதவும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுமையாக வளர்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அழுகையின் நடுவே "யோசிச்சுப் பாரு" என்று சொல்வது, மூடிய கடை வாசலில் நின்று பரோட்டா கேட்பதுபோல.

3. உணர்வுக்குப் பெயர் கொடுங்கள், தமிழிலும்தான்

2007ல் கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். கோபமோ பயமோ காட்டும் முகப் படங்களைப் பெரியவர்களிடம் காட்டி, அந்த உணர்வுக்குச் சொல்லால் பெயர் கொடுக்கச் சொன்னபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது. மனசுக்குள் சுற்றுவதற்கு ஒரு பெயர் கிடைத்தால் அது கொஞ்சம் அடங்குகிறது.

இங்கே நமக்கு ஒரு சிக்கல் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். என் பிள்ளைகளும் தங்களுக்குள் ஆங்கிலம்தான். ஆனால் அந்த ஆங்கிலத்திலும் உணர்வுக்கு மூன்றே சொற்கள்: சேட், ஆங்ரி, போரிங். எதைக் கேட்டாலும் போரிங். பள்ளி போரிங், தாத்தா வீடு போரிங், பிறந்தநாள் விழாவுக்கு அழைக்கப்படாததும் போரிங்.

தமிழில் எவ்வளவு நுணுக்கமான சொற்கள் இருக்கின்றன! ஏமாற்றம் வேறு, ஏக்கம் வேறு. கூச்சம் வேறு, பயம் வேறு. எரிச்சலும் கோபமும் ஒன்றில்லை. தவிப்பு, படபடப்பு, மனத்தாங்கல், ஆற்றாமை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றை மொழிப்பாடம்போல நடத்த வேண்டாம், நம்மைப் பற்றிச் சொல்லும்போது பயன்படுத்தினால் தானாக ஒட்டிக்கொள்ளும். "இன்னைக்கு மீட்டிங்ல என் பேச்சை யாரும் கேட்கல, எனக்கு ஒரே ஆதங்கம்." இரண்டு வாரம் கழித்து என் மகள், ஆறு வயது, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணன் மட்டும் போனான், எனக்கு ஆதங்கம்." சொல் பொருத்தமா என்று ஆராயாதீர்கள். சொல்ல ஒரு சொல் கிடைத்ததே பெரிது.

அளவு கேட்பதும் உதவும். "கோபம் எதுவரைக்கும் இருக்கு? முட்டியா, வயிறா, தொண்டையா?" தொண்டைவரை என்றால் பேச்சு வேண்டாம், தண்ணீர் கொடுங்கள், கீழே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

4. உணர்வு சரி, செயல் சரியில்லை

உணர்வைக் கேட்பது என்றால் பிள்ளை சொன்னபடியெல்லாம் ஆடுவது என்று நினைத்து, என் மாமியார் ஒருநாள் நேராகவே கேட்டார். "இப்படிக் கொஞ்சிக்கிட்டே இருந்தா நாளைக்கு நம்ம தலையில ஏறி உட்காருவான்மா." "கொஞ்சல அத்தை, கேட்டுக்கிறேன். தங்கச்சியை அடிச்சா டேப்லட் கிடையாதுங்கிறதுல மாத்தமே இல்ல," என்றேன். அவர் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. இப்போதும் ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வரிசை இதுதான். முதலில் கையைப் பிடித்து நிறுத்துங்கள்; அடி விழுந்துகொண்டிருக்கும்போது உளவியல் பேச முடியாது. பிறகு உணர்வைச் சொல்லுங்கள்: "அவ உன் லெகோவை உடைச்சிட்டா, உனக்குக் கோபம்." அடுத்து எல்லை: "கோபப்படலாம். அடிக்கக் கூடாது." கடைசியாக மாற்று வழி: "தலையணையைக் குத்து, இல்லன்னா என்கிட்ட வந்து சொல்லு." அதன் பிறகு விளைவு. முன்பே சொன்ன விளைவுதான், அந்த நேரத்துக் கோபத்தில் கண்டுபிடித்தது கூடாது.

ரோத்தான் என்ற பிரம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம்மில் பலர் வீட்டில் அது ஆணியில் தொங்கிய காலத்தில் வளர்ந்தவர்கள், "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்பவர்கள். அடி அந்த நேரத்துக்கு அடக்கும். நாள் போகப் போகப் பிள்ளையிடம் மூர்க்கமும் மனச்சோர்வும் கூடுவதோடுதான் அது சேர்ந்து வருகிறது என்று பல ஆண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. "போலீஸ்கிட்ட பிடிச்சுக் கொடுத்திடுவேன்" என்ற மிரட்டலும் வேண்டாம். பிள்ளை எங்காவது தொலைந்துபோனால் அது தேடி ஓட வேண்டியதே போலீஸ்காரரைத்தான்.

5. தேர்வுக் காலம்

2021 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் பழைய ஒப்பீட்டு மதிப்பெண் போய், மதிப்பெண்களைப் படிகளாகப் பிரிக்கும் ஏஎல் தரநிலை வந்துவிட்டது. 65 வாங்கினாலும் 74 வாங்கினாலும் ஏஎல்5தான். 2023 முதல் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வே இல்லை. 2024ல் உயர்நிலை 1ல் சேர்ந்தவர்கள் முதல் பழைய விரைவு, வழக்கநிலைப் பிரிவுகளும் மறைந்தன. பிள்ளைகள் ஒரு மதிப்பெண்ணுக்காக மூச்சுத் திணற வேண்டாம் என்றுதான் இத்தனையும். அரையாண்டுத் தேர்வு போன இடத்தில் நாம் என்ன செய்தோம்? துணைப்பாட நிலையத்தின் மாதிரித் தேர்வைக் கொண்டுவந்து வைத்தோம்.

தாள் வீட்டுக்கு வரும் நாளில் முதல் வாக்கியம் எதுவாக இருக்க வேண்டும்? "மூணு மார்க் எங்க போச்சு?" வேண்டாம். "ரொம்ப நல்லா செஞ்சிருக்க, பரவால்ல பரவால்ல" என்று முகத்தை மறைத்துக்கொண்டு சொல்வதும் வேண்டாம், பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். "நீ என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள். அதற்கே ஏமாற்றம் என்றால் முதலில் அதைக் கேளுங்கள். தவறான விடைகளை மறுநாள் பார்க்கலாம், தாள் எங்கும் ஓடிவிடாது.

தூக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம், பதின்ம வயதில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். காலை 7.30க்குப் பள்ளி என்றால், பள்ளிப் பேருந்துக்கு ஆறு மணிக்கே எழும் தொடக்கநிலைப் பிள்ளை ஒன்பது மணிக்குப் படுத்தாக வேண்டும். எட்டரை மணிவரை துணைப்பாடம் இருந்தால் அந்தக் கணக்கு எப்படி உதைக்கிறது பாருங்கள். பிள்ளை சும்மா சும்மா அழுகிறது, எரிந்து விழுகிறது என்றால் மனத்தைத் துழாவும் முன்பு தூக்கத்தைப் பாருங்கள்.

தீபாவளி வீடுகளிலும் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவிலும் "எத்தனை ஏஎல்?" என்று கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் பெரும்பாலும் நவம்பர் பிற்பகுதியில் வருகின்றன, தீபாவளியின் மிச்ச முறுக்கு டப்பாவில் இருக்கும்போதே. என்ன பதில் சொல்வது என்பதைப் பிள்ளையோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அவனுக்குச் சொல்லணும்னு தோணுனா அவனே சொல்லுவான் மாமா" என்று நாம் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னால் போதும், பிள்ளை ஓராண்டுக்கு அதை மறக்காது.

6. ஆன்ட்டி ஊருக்குப் போகும்போது

இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிகிறது, பணிப்பெண் ஊருக்குப் போகிறார், புதியவர் வருகிறார். நமக்கு அது தாள்வேலை. பிள்ளைக்கோ தினமும் தலை வாரிவிட்டு, காய்ச்சலில் பக்கத்தில் படுத்துத் தூங்கிய ஒருவர் காணாமல் போகிறார். பிள்ளை பள்ளியிலிருந்து வருவதற்குள் பெட்டியைக் கட்டி அனுப்பிவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், "பார்த்தா அழுவா" என்ற நல்ல எண்ணத்தில்தான். அழட்டும். சொல்லாமல் போன பிரிவு வேறு மாதிரி வரும்: படுக்கையில் சிறுநீர், புதியவரிடம் பிடிவாதம், நாம் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டுவது.

இரண்டு மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள். நாள்காட்டியில் அந்த நாளைக் காட்டுங்கள். பிள்ளையே ஒரு அட்டை செய்யட்டும், சேர்ந்து ஒரு படம் எடுத்து மாட்டுங்கள், முடிந்தால் சாங்கிவரை கூட்டிப் போங்கள். "எப்போ திரும்பி வருவாங்க?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு காணொளி அழைப்பு. புதியவரைப் பழையவரின் பெயராலேயே அழைக்கச் சொல்ல வேண்டாம், அவருக்கும் சொந்தமாக ஒரு பெயர் இருக்கிறது.

7. நிறம்

நம் பிள்ளைகள் பலர் வகுப்பில் இரண்டு மூன்று இந்தியப் பிள்ளைகளில் ஒருவராக இருக்கிறார்கள். நிறத்தையோ தலையில் தடவிய எண்ணெயின் வாசனையையோ வைத்து யாராவது ஏதாவது சொல்லிவிடலாம். பிள்ளை வந்து சொன்னால் "அதையெல்லாம் கண்டுக்காதே" என்று தொடங்காதீர்கள். "அப்படிச் சொன்னது தப்பு. உனக்கு வலிச்சிருக்கும்" என்று தொடங்குங்கள். என்ன நடந்தது, யார் இருந்தார்கள், எத்தனை முறை என்று பிறகு எழுதி வைத்து, தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் போங்கள். "வெயில்ல ஆடாதே, கறுத்துப்போயிடுவ" என்று வீட்டிலேயே சொல்லும் பழக்கம் நமக்கு இருந்தால், பள்ளியில் கேட்டதை நாமே உறுதிப்படுத்துகிறோம்.

8. திரை

சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டலில், 7 முதல் 12 வயதுவரை பள்ளி வேலை போக நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் திரை. 18 மாதம் முதல் 6 வயதுவரை ஒரு மணி நேரத்துக்குள். சாப்பாட்டு மேசையில் யாருக்கும் கைபேசி கிடையாது என்பதை மட்டும் முதலில் பிடியுங்கள். 'யாருக்கும்' என்பதில் அப்பாவும் அடக்கம்.

9. கத்திவிட்டீர்களா?

கத்துவோம். நேற்றுகூடக் கத்தினேன். குழந்தைகளும் தாய்மார்களும் முகம் பார்த்து விளையாடுவதை ஆராய்ந்த எட் டிரோனிக், நல்ல உறவிலும் இருவரும் ஒத்துப்போகும் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று கண்டார். மிச்ச நேரமெல்லாம் பிசகுவதும் திருத்திக்கொள்வதும்தான். எனவே திருத்தத்தைப் பழகுங்கள். இருவரும் தணிந்த பிறகு: "அம்மா கத்தினது தப்பு. நீ பயந்துட்ட. ஆபீஸ் கோபத்தை உன்மேல காட்டிட்டேன்." இதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்தான்..." என்று ஒட்டுப்போட்டால் மன்னிப்பு காலி. பிள்ளை செய்த தப்பைத் தனியாகப் பிறகு பேசலாம்.

10. வீட்டால் முடியாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் மாற்றத்தைக் கவனியுங்கள். திங்கட்கிழமை காலைகளில் மட்டும் வயிற்றுவலி, பிடித்த இணைப்பாட நடவடிக்கைக்கே போக மறுப்பது, தூக்கமோ சாப்பாடோ தலைகீழாவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது. "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்ற பேச்சோ, உடம்பில் கீறலோ தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். "செத்துப்போயிடணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிட மாட்டோம். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

மற்ற நேரத்தில் வழி இப்படிப் போகும். முதலில் வகுப்பாசிரியர், அவர் மூலம் பள்ளி ஆலோசகர். எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார். தேவைப்பட்டால் அவர்கள் 2007ல் தொடங்கிய ரீச் சமூக மனநலக் குழுவிடமோ மனநலக் கழகத்தின் சிறுவர் வழிகாட்டல் மருந்தகத்திடமோ அனுப்புவார்கள். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் கட்டணத்தில் சலுகை உண்டு. வீட்டுப் பிரச்சினையும் சேர்ந்திருந்தால் வட்டாரக் குடும்ப சேவை நிலையமோ, இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டாவோ. தொடக்கநிலைப் பிள்ளைகளே அழைத்துப் பேச, சிங்கப்பூர் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரெண்ட்: 1800-2744-788. எந்த நேரமும் அழைக்க 1771 தேசிய மனநல உதவி எண்; நெருக்கடியில் எஸ்ஓஎஸ் 1767. எங்கள் வீட்டில் இவை குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பள்ளிக் கால அட்டவணைக்கு அடியில் இருக்கின்றன.

ஆலோசகரிடம் போகும் நாளைப் பிள்ளையிடம் முன்பே சொல்லுங்கள். "சும்மா ஒரு இடத்துக்குப் போறோம்" என்று ஏமாற்றிக் கூட்டிப் போகாதீர்கள். அங்கே பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லி வையுங்கள். திரும்பும் வழியில் எம்ஆர்டியில், "உள்ள என்ன சொன்ன?" என்ற கேள்வி தொண்டைவரை வரும். கேட்காதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள்.